பின்சக்கர டிரம் பிரேக் பாகங்களை வீட்டிலேயே மாற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். தூத்துக்குடியில் கடலோரம் குடியிருக்கிறீர்கள். பத்து ஆண்டு ஓடிய சிறிய ஹேட்ச்பேக் கார், இரவில் திறந்தவெளியில் நிற்கிறது. சில வாரங்களாகப் பிரேக் பிடிக்கும்போது பின்பக்க இடது சக்கரத்தில் உரசும் சத்தம் கேட்கிறது. ஹேண்ட் பிரேக்கை முன்னைவிட வெகுவாக மேலே இழுத்தால்தான் கார் நிற்கிறது. பணிமனையில் பார்த்துவிட்டு, ஷூ, வீல் சிலிண்டர், டிரம் மூன்றையும் இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். (டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் கிண்ணம் போன்ற பாகம்; ஷூ அதன் உட்சுவரை அழுத்தி நிறுத்தும் வளைந்த தகடு, ஒரு டிரம்முக்குள் இரண்டு இருக்கும்; வீல் சிலிண்டர் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் அந்த ஷூக்களைத் தள்ளும் பாகம்.) வீட்டில் ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் இருக்கின்றன, காணொளி பார்த்து நானே மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: மூன்றையும் மாற்றத்தான் வேண்டுமா, அதை நானே எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால்தான் முதல் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல முடியும்.

ஆட்டோமொபைல் பட்டயம் படித்து, பல ஆண்டுகள் பணிமனையில் வேலை செய்துவிட்டு, இப்போது தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு இதே வேலையைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்வதென்றால், பிரேக் ஷூவையும் அதன் ஸ்பிரிங்குகளையும் மாற்றுவது பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் பிரேக் ஆயில் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்திய நொடியில் அது வேறு வேலையாகிவிடுகிறது. ஷூவைச் சற்றுத் தவறாகப் பொருத்தினால் சத்தமோ இழுப்போ வந்து உங்களை எச்சரிக்கும். பைப்பில் காற்று தங்கினாலோ நட்டு கசிந்தாலோ, மிதி உள்ளே போகும் அந்த ஒரு தருணம் வரை எச்சரிக்கை எதுவும் வராமலும் போகலாம். ஆகவே முதல் முறை செய்பவர்களுக்கு நான் போடும் எல்லை இந்த நட்டுதான். வீல் சிலிண்டர் உலர்ந்திருந்தால் நீங்களே தொடருங்கள். கசிந்திருந்தால் இந்த வேலையை முன்பே செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் தொடருங்கள்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து எதுவரை உறுதியாகப் பேசலாம் என்று பார்ப்போம். ஹேண்ட் பிரேக் உயர்ந்து போனதற்கு ஷூ தேய்ந்தது ஒரு காரணமாக இருக்கலாம். கேபிள் நீண்டிருக்கலாம். ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகவே குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். கடற்காற்றில் பத்து ஆண்டு நின்ற காரில் இந்த மூன்றாவதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். உரசும் சத்தமும் அப்படித்தான். லைனிங் (ஷூவின் மேலிருக்கும் தேயும் பட்டை) முழுவதும் தேய்ந்து இரும்பு டிரம்மைத் தொட்டால் சத்தம் வரும். டிரம்மின் விளிம்பில் திரண்ட துரு பேக் பிளேட்டை (பிரேக் பாகங்களைத் தாங்கி, சுழலாமல் நிற்கும் தகடு) உரசினாலும், முறிந்த ஸ்பிரிங் துண்டு உள்ளே சிக்கியிருந்தாலும் அதே போன்ற சத்தம்தான் வரும். பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் சத்தம் தொடர்ந்து, வேகத்தோடு ஏறி இறங்கினால் சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஒரு சத்தத்தை எழுத்தில் படித்துவிட்டு இதில் எது என்று என்னால் சொல்ல முடியாது. டிரம்மைத் திறக்காமல் யார் சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

கால்மிதி சொல்லும் செய்தி இதைவிடத் தெளிவானது. முதல் மிதிப்பில் ஆழமாகப் போய், உடனே மீண்டும் மிதித்தால் உயரே நின்றால், பெரும்பாலும் பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கிறது என்று பொருள். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டு போனால், எங்கோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் (மிதியோடு இணைந்து பிரேக் ஆயிலை அழுத்தும் பாகம்) உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கிறது. அப்படியென்றால் ஷூ மாற்றும் யோசனையை ஒதுக்கிவைத்துவிட்டு, காரை ஓட்டாமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். பின்சக்கரத்தின் உட்புறத்தையும் டயரின் உள்பக்கச் சுவரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உங்கள் கார் முன்சக்கரங்களால் ஓடுவது. பின்பக்க அச்சில் கியர் ஆயில் கிடையாது. அங்கே ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாகவோ உருகிய பேரிங் கிரீஸாகவோதான் இருக்கும்.

பின் பிரேக்கை மக்கள் நெடுநாள் கவனிக்காமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரங்களே செய்கின்றன. பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடக் கூடாது என்பதற்காகப் பின்பக்க அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தும் வைத்திருக்கிறார்கள். முன் பேடுகள் (முன்சக்கர பிரேக்கின் தேயும் பட்டைகள்) பலமுறை மாறியும் பின் ஷூ ஒருமுறைகூட மாறாத கார்களை நாங்கள் வழக்கமாகக் காண்கிறோம். லைனிங் மெதுவாகத்தான் தேய்கிறது. அதனால் டிரம் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்து, தூசியும் உப்பும் துருவும் உள்ளே சேர்கின்றன. பின் பிரேக்கில் ஷூ தேய்ந்து கெட்டதைவிட அசைய வேண்டிய பாகம் அசையாமல் கெட்டதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் காரைத் தூக்குவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் நடக்கும் விபத்துகளில் உயிரைப் பறிப்பது இந்தக் கட்டம்தான். டிரம் கழல ஹேண்ட் பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும்; அப்போது பின்சக்கரங்களுக்குப் பிடிப்பே இல்லை. எனவே சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். மண் தரையும் சரிவான வாசலும் இந்த வேலைக்கு ஆகா. காரோடு வந்த கத்தரி ஜாக்கி, சக்கரம் மாற்றும் நேரம் வரை தாங்குவதற்கென்று செய்யப்பட்டது; அதன் மேல் காரை நிற்கவிட்டு வேலை செய்யாதீர்கள். கையேடு காட்டும் இடத்தில் தூக்கி, இரும்பு ஸ்டாண்டின் மேல் இறக்கி, காரைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகு உட்காருங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காப்பு. சக்கர நட்டுகளை மட்டும், சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூசி. டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்பாகப் படிந்திருக்கும் தூளை வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயை வைத்து அடிப்பதும் நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலான பழக்கம். அதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாடு முழுமையாகத் தடை செய்யப்படவில்லை. பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுதியிருந்தாலும், உங்கள் காரில் இதுவரை ஓடியது எந்த லைனிங் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த இழை நுரையீரலுக்குள் போனால் அதன் விளைவு பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்படும். முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரையோ பிரேக் கிளீனரையோ தெளித்து ஈரமாக்கி, துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

டிரம் கழல்வது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் டிரம் தனியாக ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பாகம்) மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்றிரண்டு ஸ்க்ரூக்களை எடுத்தால் வெளியே வரும். மாருதி 800, பழைய ஆல்டோ போன்றவற்றில் டிரம்முக்குள்ளேயே பேரிங்குகள் இருக்கும். நடுவிலுள்ள மூடியைத் தட்டி எடுத்து, பெரிய நட்டைக் கழற்றினால்தான் டிரம் வரும். உங்கள் கார் இந்த இரண்டாவது வகை என்றால், அந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், மறுபடி பயன்படுத்தலாமா, புதிது போட வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் தொடாதீர்கள். சக்கரமே அந்த நட்டை நம்பித்தான் நிற்கிறது. டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாமல் அதை இறுக்குவது சரியான வேலையாகாது.

உங்கள் ஊரில் டிரம் எளிதில் வராது என்று எதிர்பார்த்தே உட்காருங்கள். ஹப்போடு துரு பிடித்து ஒட்டியிருக்கலாம். லைனிங் அரித்த பள்ளத்துக்கு வெளியே தேயாமல் நின்ற விளிம்பு ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். முதலாவதற்கு, துரு இளக்கும் எண்ணெயை ஹப்பைச் சுற்றி மட்டும் அளவாக விட்டு, ஊறவிட வேண்டும். டிரம்மின் முகத்தில் இரண்டு மரையிட்ட துளைகள் இருந்தால் (பல கார்களில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கானவை) இரண்டிலும் போல்ட்டைப் போட்டு, மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். இரண்டாவதற்கு, பேக் பிளேட்டின் பின்புறம் இருக்கும் ரப்பர் மூடியை எடுத்து, அந்தத் துளை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரைப் பின்வாங்கச் செய்ய வேண்டும்; அதற்கு முன் ஹேண்ட் பிரேக் கேபிளின் நட்டையும் தளர்த்திவிட்டால் ஷூ இன்னும் சுருங்கும். வார்ப்பிரும்பு டிரம்மின் விளிம்பைச் சம்மட்டியால் அடித்தால் கீறல் விடும்.

டிரம் வெளியே வந்தபின் யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள். தடுக்க டிரம் இல்லாததால் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே தெறித்துவிடும்.

இப்போதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும் இடம். லைனிங்கின் கனத்தை அதன் மிகத் தேய்ந்த இடத்தில் அளந்து பாருங்கள். லைனிங் மட்டும் 1 மில்லிமீட்டர் என்பது பல கம்பெனிகள் சொல்லும் கடைசி எல்லை. சில கையேடுகள் லைனிங்கையும் இரும்புத் தகட்டையும் சேர்த்து ஓர் அளவு சொல்லும் என்பதால் எதை அளக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் பழக்கத்தில் 2 மில்லிமீட்டருக்கு வந்த லைனிங்கைத் திரும்பப் பூட்ட மாட்டேன், ஏனென்றால் மறுபடி அந்த டிரம் எப்போது திறக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. முன்பக்கம் பார்த்திருக்கும் ஷூ பெரும்பாலும் அதிகம் தேய்ந்திருக்கும். சக்கரம் சுழலும் திசையே அந்த ஷூவை டிரம்மோடு இன்னும் இறுகப் பிடிக்க வைப்பதால் வேலையின் பெரும்பகுதி அதற்குத்தான், அது குறையில்லை. ஒரு ஷூவின் மேற்பகுதி மட்டும் தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால், ஒரு பிஸ்டனோ ஹேண்ட் பிரேக் லீவரோ இறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

டிரம்மின் மேல் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டத்தை வார்த்தோ பொறித்தோ வைத்திருப்பார்கள். 180 மில்லிமீட்டர் டிரம் என்றால் எல்லை 182 என்பது போல, பொதுவாக ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான் இடம் கொடுத்திருப்பார்கள். உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் இரண்டு மூன்று திசைகளில் அளந்து பாருங்கள். எல்லைக்குள் இருந்து, ஆழமான வரியோ வெடிப்போ இல்லையென்றால் டிரம்மை மாற்ற வேண்டிய அவசியமில்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன், ஏனென்றால் அளக்காமலே மாற்றச் சொல்லப்படும் பாகங்களில் டிரம் முன்னால் நிற்கிறது. லேசான வரிகளை லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். கடைந்த பிறகும் அளவு எல்லைக்குள் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சிறிய கார்களின் டிரம்முக்குக் கடைசல் செலவு தகுமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உலோகம் குறைந்தால் சூட்டைத் தாங்கும் திறனும் குறைகிறது என்பதால், எல்லையை நெருங்கிய டிரம் என்றால் புதிது வாங்குவதே என் விருப்பம்.

வீல் சிலிண்டரின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ரப்பர் உறையின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே லேசான ஈரப்பசை இருப்பதைப் பல கையேடுகள் ஏற்றுக்கொள்கின்றன. துளியாகத் திரண்டிருந்தாலோ, வழிந்து பேக் பிளேட்டில் கறை படிந்திருந்தாலோ சிலிண்டர் மாற வேண்டும். அப்போது லைனிங்கிலும் ஆயில் பட்டிருந்தால் எவ்வளவு கனம் மீதமிருந்தாலும் அந்த ஷூ போய்விட்டது. பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி, உப்புத்தாள் போட்டுத் திரும்பப் பூட்டும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மேலே உலர்ந்ததாகத் தெரியும். பிரேக் சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும், அந்தப் பக்கம் பிடிக்காமல் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

எது மாற வேண்டும் என்று தெளிவானபின், பாகங்களை எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் ஜோடியாக வாங்குங்கள். ஒரு பக்கம் புது லைனிங், மறுபக்கம் பழையது என்றால் பிடிப்பு சமமாக இருக்காது. ஷூவோடு ஸ்பிரிங்குகளையும், ஷூவைப் பிடித்து நிறுத்தும் ஊசி போன்ற பின்களையும் கிண்ணங்களையும் சேர்த்து வாங்குவது நல்லது. ஆண்டுக்கணக்காகச் சூட்டில் இருந்த ஸ்பிரிங் முறுக்குத் தளர்ந்து, ஷூவை முழுவதும் திரும்ப இழுக்காது. வீல் சிலிண்டர் ஒன்று மட்டும் கசிந்தால் இரண்டையும் மாற்றுவேன். ஒரே வயது ரப்பர் என்பதுதான் அதற்குக் காரணம். ஒன்றை மட்டும் மாற்றுபவரைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு டிரம்களையும் திறந்து பார்க்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். மறுபக்கம் கண்ணாடியில் பார்த்தது போல் இடவலமாக மாறி நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், குழப்பம் வரும்போது அதுவே வழிகாட்டும். கைபேசியில் நேர் எதிரிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் படம் எடுத்து, எந்த ஸ்பிரிங் ஷூவுக்கு முன்னால் போகிறது, எது பின்னால் போகிறது, எந்த முனை நீளம் என்று தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஷூவைப் பிடித்திருக்கும் கிண்ணத்தைப் பிளையரால் அழுத்தி, பின்புறம் ஒரு விரலால் பின்னைப் பிடித்தபடி கால் சுற்று திருப்பினால் கழலும். சில கார்களில் திருப்புவதற்குப் பதில் நழுவவிடும் கிளிப் இருக்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தெறித்தால் கண்ணைக் கெடுக்கும், பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

பலரும் தடுமாறுவது பின்பக்கத்து ஷூவில் இருக்கும் ஹேண்ட் பிரேக் லீவரில். கேபிளின் முனை அதில்தான் மாட்டியிருக்கும். பல பெட்டிகளில் புது ஷூ இந்த லீவர் இல்லாமலே வரும். பழைய ஷூவிலிருந்து சிறிய கிளிப்பை விரித்து லீவரை எடுத்து, அதன் அச்சைத் துருநீக்கி, புது ஷூவில் மாட்டி, புது கிளிப்பை நெருக்கிவிட வேண்டும். லீவர் கையால் தள்ளினால் தடையின்றி ஆட வேண்டும். கேபிளையும் கையால் இழுத்துவிட்டுப் பாருங்கள். இழுத்தது தானாகத் திரும்பாவிட்டால் உறைக்குள் துரு ஏறியிருக்கிறது. எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் உங்கள் ஊர்க் காற்றில் அது நெடுநாள் தாங்காது, கேபிளையே மாற்றுங்கள்.

அட்ஜஸ்டரைத்தான் நான் மாணவர்களிடம் மிகவும் வற்புறுத்துவேன். அதைத் தனியே எடுத்து, மரையைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, முழு நீளமும் விரலால் சுற்றும்படி ஆக்கி, சூட்டைத் தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லியதாகத் தடவி, மிகக் குறுகிய அளவுக்குத் திருப்பி வையுங்கள். நட்சத்திரச் சக்கரம் வைத்த வகையில் இடப் பக்கத்துக்கும் வலப் பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்கும். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு மிதிப்புக்கும் இடைவெளி குறைவதற்குப் பதில் கூடும், வேலை முடிந்த சில வாரங்களில் ஹேண்ட் பிரேக் மறுபடி உயர்ந்துவிடும். பற்களுள்ள தகடு வைத்த வகையில் அந்தப் பற்கள் மழுங்கியிருந்தால் புதிது போட வேண்டும்.

பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உரசிச் செல்லும் சில மேடுகள் பளபளவென்று தெரியும். அவற்றைத் தேய்த்துச் சுத்தமாக்கி, ஒவ்வொன்றிலும் அதே கிரீஸை ஒரு பொட்டு அளவு மட்டும் வையுங்கள். அந்த மேட்டில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அதில் சிக்கிக் கிறீச்சிடும். கிரீஸ் ஒரு துளிகூட லைனிங்கிலோ டிரம்மின் உட்புறத்திலோ படக் கூடாது, கிரீஸ் பட்ட விரலால் லைனிங்கைத் தொடவும் கூடாது. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதையும் வீல் சிலிண்டரின் பக்கம் கொண்டு போகாதீர்கள். பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் பெட்ரோலியப் பொருள் பட்டால் ஊதிப்போய் மென்மையாகி, அடுத்த சில மாதங்களில் கசியத் தொடங்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு, டிரம்மை மாட்டிப் பார்த்துக் கழற்றி, அட்ஜஸ்டரைச் சிறிது சிறிதாகத் திறந்து, டிரம் லேசாக உரசியபடி உள்ளே போகும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் முடித்து டிரம்களைப் பூட்டியபின், கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து ஷூக்களைத் தம் இடத்தில் உட்கார வையுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான், கடைசி வேலையாக, இறுக்க வேண்டும். ஷூவின் இடைவெளியைச் சரி செய்யாமல் கேபிளை இறுக்கி ஹேண்ட் பிரேக்கைக் கீழே கொண்டுவருவது பலரும் செய்யும் குறுக்குவழி. அது லீவரை எப்போதும் சற்று இழுத்த நிலையிலேயே வைத்து, தானியங்கி அட்ஜஸ்டரின் வேலையைக் கெடுத்து, ஷூவை உரச வைக்கிறது. எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். விடுவித்த நிலையில் இரண்டு சக்கரமும் கையால் தாராளமாகச் சுழல வேண்டும் என்பது எந்தக் காருக்கும் பொருந்தும். சக்கர நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, கார் தரையில் இறங்கியபின் டார்க் ரெஞ்ச் வைத்து முடியுங்கள். சிறிய கார்களுக்கு அந்த அளவு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

வீல் சிலிண்டரும் மாற வேண்டியதானால், பைப்பின் நட்டுக்குச் சாதாரண ஓபன் ஸ்பேனரைப் போடாதீர்கள். கடலோரக் காரில் அந்த நட்டு இறுகியிருக்கும், முனை மழுங்கிவிடும், அல்லது நட்டோடு பைப்பும் முறுக்கிக்கொண்டு உடையும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பைப் ஸ்பேனர் தேவை. பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். பைப் முறுக்குவது தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள், புது பைப் வளைத்துப் பூட்டுவது வீட்டு வேலையில்லை. ஆயிலைப் பொறுத்தவரை ரிசர்வாயர் (பிரேக் ஆயில் தொட்டி) மூடியில் எழுதியிருப்பதையே, சீல் உடைக்காத டப்பாவில் வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டாட் 4 வகைக்கு 230, பிறகு 155. பழைய திறந்த டப்பாவை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு இந்த எண்கள் போதும். சிலிக்கோனால் ஆன டாட் 5 இவற்றோடு சேராது. பிரேக் ஆயில் காரின் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பைப்புக்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். நிப்பிளில் (வீல் சிலிண்டரின் பின்புறம் காற்றை வெளியேற்ற இருக்கும் சிறிய திருகு) உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியும் குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவைத்து, ஒருவர் மிதித்துப் பிடித்திருக்கும்போது மற்றவர் நிப்பிளைத் திறந்து, மிதி மேலே வரும் முன் மூடிவிட வேண்டும். குமிழ் நின்ற பிறகும் சிலமுறை தொடருங்கள், ரிசர்வாயர் காலியாக ஒருபோதும் விடாதீர்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்ற வரிசை காருக்குக் கார் வேறுபடும். பழைய காரில் மிதியைத் தரைவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் தேயாத, அழுக்கேறிய பகுதியில் ரப்பர் உரசிக் கெடும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். எல்லாக் காரிலும் அப்படி நடப்பதில்லை, ஆனாலும் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைப்பதில் நட்டம் எதுவுமில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) உள்ள காரில் அதன் அலகுக்குள் காற்று போய்விட்டால், சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கட்டாயம். உங்கள் காரில் இருக்கிறதா என்பதை மீட்டரில் எரியும் விளக்கைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

சாலையில் இறங்கும் முன், எஞ்சின் ஓடும் நிலையில் மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பஞ்சு போல் அமுங்கினாலோ கீழே இறங்கினாலோ கார் வாசலைத் தாண்டக் கூடாது. சரியாக இருந்தால், ஆளில்லாத தெருவில் நடை வேகத்தில் தொடங்கிச் சில முறை நிறுத்திப் பாருங்கள். புது லைனிங் டிரம்மின் வளைவோடு முழுவதும் பொருந்த 200, 300 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதுவரை பிடிப்பு சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. வேகமாகப் போய் அழுத்தி நிறுத்துவதையும் பாரம் ஏற்றுவதையும் அந்த நாள்களில் தவிர்த்துவிடுங்கள்.

மறுநாள் ரிசர்வாயர் அளவையும் டயரின் உட்புறத்தையும் மீண்டும் பாருங்கள், சக்கர நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். முதல் வாரத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தியதும் இரண்டு பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்தில் ஷூவின் இடைவெளி அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது, அல்லது கேபிள் திரும்பி வரவில்லை. அந்தச் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்து, உரசலின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை வெளியூருக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.